அழைத்தால் திரும்பாத பிள்ளை

பிள்ளை பிறந்த வீட்டில் அதன் காதில் முதலில் ஒலிப்பது பாங்கு. அடுத்து ஒலிப்பது அதன் பெயர். நல்ல பொருளுள்ள பெயராகத் தேர்ந்து சூட்டி, அகீகாவும் கொடுத்து மகிழ்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லி உம்மா அழைக்க, பிள்ளை தலையைத் திருப்பிச் சிரிக்கும் நாளை வீடே எதிர்பார்த்திருக்கும்.

சில வீடுகளில் அந்த நாள் வருவதில்லை. எத்தனை முறை அழைத்தாலும் பிள்ளை திரும்புவதில்லை. ஆனால் அடுத்த அறையில் மிட்டாய்த் தாள் சரசரத்தால் ஓடி வருகிறது. காது கேட்கிறது, அழைப்பு மட்டும் அதனை எட்டவில்லை. "ஆண் பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்" என்று வீட்டு மூத்தவர்கள் தேற்றுகின்றனர். "கண்ணேறு பட்டிருக்கிறது" என்கிறார் ஒருவர். ஓதி ஊதிய தண்ணீர் வருகிறது, தாயத்து வருகிறது, ஓராண்டு போகிறது, இன்னோர் ஆண்டும் போகிறது. பிறகு ஒருநாள் மருத்துவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு சொல்லைச் சொல்கிறார்: ஆட்டிசம்.

அந்தச் சொல்லைக் கேட்ட பின் ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும்? அந்தக் குடும்பத்தைச் சுற்றியுள்ள நாம் என்ன செய்ய வேண்டும்? சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் உள்ள எங்கள் கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களில், சிறப்பு மருத்துவர் என்றாலே பேருந்து ஏறியாக வேண்டும். வாப்பா வளைகுடாவில் இருப்பார். உம்மா தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவார். இத்தகைய குடும்பங்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இது என்ன நிலை?

ஆட்டிசம் ஒரு தொற்று நோயன்று, பைத்தியமும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு அது. தமிழில் மதியிறுக்கம் என்றும் சிலர் எழுதுவர். ஆட்டிசம் என்னும் சொல்லே இன்று பரவலாக வழங்குகிறது. பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் இடர்ப்பாடு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்க இயலாமை, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை அளவுக்கு மீறியோ குறைந்தோ உணர்தல் - இவ்விரு கூறுகளும் சேர்ந்திருப்பதையே மருத்துவர்கள் ஆட்டிசம் என்கின்றனர்.

இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேன் படத்தாலோ இதனைக் கண்டறிய முடியாது. பிள்ளையை உற்றுக் கவனித்தும் பெற்றோரிடம் விரிவாகக் கேட்டறிந்துமே முடிவுக்கு வர வேண்டும். ஒரு பிள்ளை பேசவே பேசாது; இன்னொன்று ஓயாமல் பேசும், ஆனால் எதிரிலிருப்பவர் கேட்கிறாரா என்று பாராது. இருவருக்கும் ஒரே பெயர் பொருந்துவதால்தான் இதனை ஒரு நோயாக எண்ணாமல் பல படிகள் கொண்ட ஒரு நிலையாக எண்ண வேண்டும்.

இது அரிதானது என்று எண்ணிவிட வேண்டாம். 2021ஆம் ஆண்டில் உலக மக்களுள் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படியானால் ஆயிரம் பேர் கொண்ட ஒரு ஜமாஅத்தில் ஏழெட்டுப் பேர் என்பது கணக்கு. அவர்கள் எங்கே? பெரும்பாலோர் நம் கண்ணில் படுவதில்லை. வீட்டின் உள்ளறையில் இருக்கின்றனர்.

முப்பத்து மூன்று பக்கக் கடிதம்

இந்நிலையை உலகுக்கு விளக்கிய முதல் ஆய்வுக் கட்டுரைகளுள் தலையாயது 1943இல் வெளிவந்தது. எழுதியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். 8 ஆண்களும் 3 பெண்களுமாகப் 11 பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினார். முதல் பிள்ளையின் பெயர் டொனால்ட்.

மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட், இரண்டு வயதளவில் தன் சமயப் பாடத்தின் 25 வினாக்களையும் விடைகளையும் ஒப்பித்தான். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டான். "நான்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நீ" என்பான். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நீண்ட சூரா ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் பிசகின்றி ஓதும் பிள்ளை, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் நிற்பதுண்டு. "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று உம்மா வழக்கமாகக் கேட்பதையே திருப்பிச் சொல்லும், அதுதான் அப்பிள்ளை தண்ணீர் கேட்கும் முறை! நாமோ, "இவன் ஹாபிழாக வருவான்" என்று மகிழ்ந்து, மற்றதைக் கவனியாது விடுகிறோம். மனனம் செய்யும் ஆற்றல் இறைவன் கொடுத்த அருட்கொடையே. ஆனால் அது பேச்சாகாது.

டொனால்டுக்கு நான்கு வயது நிறையுமுன், மருத்துவர்களின் யோசனைப்படி அவனை ஒரு விடுதியில் சேர்த்தனர். அங்கே அவன் வாடினான். ஏறக்குறைய ஓராண்டில் பெற்றோர் அவனை வீட்டுக்குத் திருப்பிக் கொணர்ந்தனர். 1938இல் அவனுடைய தந்தை, மகனிடம் தாம் கண்ட ஒவ்வொன்றையும் 33 பக்கங்களில் எழுதிக் கானருக்கு அனுப்பினார். ஆட்டிசம் பற்றிய மருத்துவ அறிவின் தொடக்கத்தில் ஒரு தந்தையின் அந்தக் கடிதம் இருக்கிறது!

பெற்றோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மருத்துவர் பிள்ளையைப் பார்ப்பது அரை மணி நேரம். நீங்கள் பார்ப்பது இரவும் பகலும். ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எப்போது அழுகிறது, எந்த ஒலிக்குக் காதைப் பொத்துகிறது, எந்த உணவைத் தள்ளுகிறது, எத்தனை மணி நேரம் உறங்குகிறது, முன்பு சொன்ன சொல் ஏதேனும் மறைந்துவிட்டதா - அனைத்தையும் நாள் குறித்து எழுதுங்கள். கைப்பேசியில் சிறு சிறு படங்களாகவும் எடுத்து வையுங்கள். நீங்கள் மருத்துவரிடம் கொண்டு செல்லக்கூடியவற்றுள் அதுவே விலைமதிப்பற்றது.

தாயைக் குற்றவாளி ஆக்காதீர்!

பிள்ளை பேசவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் குற்றம் சாட்டப்படுவது யார்? பெற்றவள்தான். "கர்ப்பத்தில் அழுதாயா? மக்ரிப் நேரத்தில் வெளியே போனாயா? டிவி பார்க்க விட்டுவிட்டு வேலை பார்த்தாயா?" என்று கேள்விகள் வரிசையாக வரும். கணவனுக்கு மறுமணம் பேசும் அளவுக்குச் செல்வோரும் உளர். என்ன கொடுமை!

இக்கொடுமை நம்மோடு நின்றதன்று. தாயின் அன்பு குளிர்ந்து உறைந்து போனதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று 1950களிலும் 60களிலும் மேலைநாட்டு அறிஞர்களே எழுதினர். சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் அக்கருத்தைப் பரப்பினார். எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தனர். 1964இல் பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலாளர் - அவரே ஆட்டிசமுள்ள மகனின் தந்தை - அக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். 1977இல் சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இந்நிலையில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டெனக் காட்டினர். வளர்ப்பு முறையால் ஆட்டிசம் வருவதில்லை என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்த முடிவு.

தடுப்பூசி பற்றிய அச்சமும் அத்தகையதே. 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்னும் மருத்துவர், வெறும் 12 பிள்ளைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதுபோல் எழுதினார். அக்கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே அவருடைய பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது; தொடர்பு ஏதும் காணப்படவில்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக அடுத்த பிள்ளைக்குத் தடுப்பூசியைத் தவிர்ப்பது, இல்லாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தை வரவழைப்பதாகும்.

துஆச் செய்வதையோ ஓதிப் பார்ப்பதையோ எவரும் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்க, அதனைத் தள்ளிப்போடுவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவது எங்ஙனம் தகும்? பிள்ளையின் மூளை மிக விரைந்து வளரும் ஆண்டுகள் முதல் சில ஆண்டுகளே. தர்கா தர்காவாக, வைத்தியர் வைத்தியராக அலைந்து கழிக்கும் இரண்டாண்டு அப்பிள்ளைக்கு மிகப் பெரும் இழப்பு.

வீட்டிலேயே காண வேண்டியவை

தாய்மார்கள் கீழ்வருவனவற்றை நினைவில் வையுங்கள். ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. ஒன்றரை வயதிலும் விரும்பிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை. நிலாவையோ ஆட்டுக்குட்டியையோ காட்டினால் நீங்கள் காட்டும் திசையில் பாராமை. இரண்டு வயதாகியும் "பால் தா", "உம்மா வா" என்று இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை. பேசிக்கொண்டிருந்த சொற்களை எந்த வயதிலாயினும் இழத்தல். பொம்மை வண்டியை ஓட்டி விளையாடாமல் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருத்தல். கைகளை ஓயாது உதறுதல்.

இவற்றுள் ஒன்று இருந்துவிட்டால் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. காது கேளாமையாலும் பிள்ளை திரும்பாமல் இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவம் உண்டு.

எங்கே செல்வது?

சென்னைக்கோ மும்பைக்கோ ஓட வேண்டியதில்லை. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். ஐயத்துக்குரிய பிள்ளைகளை மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவர். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கின்றனர்.

நம் தென்காசி மாவட்டத்துக்கென்றே இன்னொரு பேறு உண்டு. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம் அது. பொறியியல் மாணவராயிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடற்பயிற்சியின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தமக்கு நேர்ந்ததை எண்ணி ஒடுங்கிவிடாமல், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் தம் சொந்த ஊரிலேயே இச்சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகல் என்னும் படை மருத்துவரின் பெயரையே அதற்கு இட்டார். 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளை இளம் வயதிலேயே கண்டறிந்து, கிராமத்துப் பணியாளர்களை வீடு தேடி அனுப்பித் தாய்மாருக்குப் பயிற்சி கற்றுத்தருவது அச்சங்கத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று. சங்கரன்கோவில் வட்டாரத்து மக்களுக்கு ஆய்க்குடி தொலைவன்று.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் தீரும்" என்று இலட்சக்கணக்கில் கேட்போர் உளர். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெரிவித்தது. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்தோ ஊசியோ உலகில் இன்றுவரை இல்லை. வலிப்பு, உறக்கமின்மை முதலிய உடன் தொல்லைகளுக்கு மருந்து உண்டு. அவற்றை மருத்துவர் சொற்படி கொடுக்க வேண்டும். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்துப் பொய் நம்பிக்கையை வாங்காதீர்கள்.

பயிற்சி என்பது எது?

மருந்து இல்லையென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. அது பயிற்சி. பேச்சுப் பயிற்சி என்பது நாவை அசைக்கக் கற்றுக்கொடுப்பதன்று; தேவையைப் பிறருக்குத் தெரிவிக்கக் கற்றுக்கொடுப்பது. பேச்சு வராத பிள்ளை ஒரு டம்ளரின் படத்தை எடுத்து உம்மாவின் கையில் கொடுத்துத் தண்ணீர் கேட்கலாம். பட அட்டைகளால் கேட்கும் இம்முறையை 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி பிராஸ்டும் வகுத்தனர். அட்டை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளை அறிந்துகொள்வதே பேச்சின் முதற்படி. ஆக்குபேஷனல் தெரபி எனப்படுவது உண்ணுதல், உடுத்துதல், பொத்தான் போடுதல், கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்குதல் ஆகிய அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி. இவற்றோடு சிறப்புக் கல்வியும் நடத்தைப் பயிற்சியும் சேரும்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. பயிற்சி நிலையத்தில் பிள்ளை கழிப்பது அதில் இரண்டோ மூன்றோ மணி நேரம். மீதி நேரமெல்லாம் அது இருப்பது வீட்டில். ஆகவே உண்மையான பயிற்சிக் கூடம் எது? உங்கள் அடுக்களையும் திண்ணையுமே!

இது வெறும் ஆறுதல் மொழியன்று. நம் நாட்டில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஆட்டிசமுள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண நலப் பணியாளர்களே வீடுகளுக்குச் சென்றனர். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படமெடுத்து, அதனை அவர்களுக்கே காட்டி, பிள்ளையின் குறிப்பை எவ்வாறு உணர்வது, எவ்வாறு விடையளிப்பது என்று கற்பித்தனர். அக்குடும்பங்களில் பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பேசுவது கூடியது. பிள்ளைகள் தாமாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. எளிய குடும்பத்துத் தாயும் கற்றுக்கொண்டு செய்யக்கூடியதே இது என்பதை அந்த ஆய்வு நிறுவியது.

பிள்ளை என்ன செய்கிறதோ அதில் நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். அது சோப்புப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினால், அடுத்த பெட்டியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அது உங்கள் கையை எதிர்பார்க்கத் தொடங்கும். நீண்ட வாக்கியம் வேண்டாம். "குடி", "வா", "கொடு" என்று சிறு சொற்களைச் சொல்லுங்கள். சொன்ன பின் சிறிது பொறுங்கள். விடை வரக் காலம் பிடிக்கும். ஒளூச் செய்வதைப் படிப்படியாகப் படம் வரைந்து குழாய்க்கு மேல் ஒட்டி வையுங்கள். கை கழுவுதல், வாய் கொப்பளித்தல், முகம் கழுவுதல் என்று மாறாத வரிசை உடைய செயல் அது. மாறாத வரிசையை விரும்பும் இப்பிள்ளைகளுக்கு அது எளிதில் பழகும். நோன்பு மாதத்தில் உணவும் உறக்கமும் நேரம் மாறும்போது இவர்கள் தடுமாறுவர். சில நாள் முன்னதாகவே மெல்ல மெல்லப் பழக்குங்கள். வளைகுடாவிலிருக்கும் வாப்பா, தினமும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையால் அழைத்துப் பேசட்டும். அவர் குரலும் அப்பிள்ளையின் ஒழுங்கில் ஓர் இடம் பெறும்.

எழுதிய பெற்றோர்

தமிழகத்தில் இவ்வழியில் நடந்து, பிறருக்கும் விளக்கேற்றிய குடும்பம் ஒன்றுண்டு. பத்திரிகையாளரும் எழுத்தாளருமாகிய யெஸ். பாலபாரதி, தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார். தமிழில் எளிய விளக்கம் கிடைக்காத குறையைப் போக்க, "ஆட்டிசம்: சில புரிதல்கள்" என்னும் நூலை எழுதினார். ஆட்டிசமுள்ள சிறுவன் ஒருவன் காணாமற்போவதை வைத்து "துலக்கம்" என்னும் நாவலையும் படைத்தார். சிறார் இலக்கியத்துக்காக 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவரும் அவரே. அவர் துணைவியார் லக்ஷ்மி பாலகிருஷ்ணன், மகனை வளர்த்த அனுபவத்தை "எழுதாப் பயணம்" என்னும் நூலாக எழுதினார். தாயும் தந்தையும் இருவருமே சுமையைப் பகிர்ந்துகொண்டு, தாம் கற்றதைத் தம்மைப் போன்றோர்க்குத் தாய்மொழியில் கொடுத்தது போற்றத்தக்கது. தில்லியில் மெர்ரி பரூவா என்னும் தாய், 1991இல் தம்மைப் போன்ற பெற்றோரைத் திரட்டி ஆட்டிசத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியதும் தம் மகனுக்காகத் தேடித் தேடி அலைந்ததன் விளைவே. இந்தியாவில் இத்துறையின் வரலாறு பெரிதும் பெற்றோரின் வரலாறாகும்.

ஊரின் கடமை

மிசிசிப்பியின் டொனால்ட் என்ன ஆனான்? 1942இல் அவனைப் பிள்ளையற்ற ஓர் உழவர் தம்பதியிடம் பெற்றோர் வளரவிட்டனர். எதையும் அளந்துகொண்டே இருப்பான். எனவே கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லும் வேலையை அவர்கள் கொடுத்தனர். சோள வரிசைகளை ஓயாது எண்ணுவான். "எண்ணிக்கொண்டே உழு" என்றனர். பித்து என்று பிறர் சிரித்ததை அவர்கள் பயனுள்ள வேலையாக மாற்றினர். அவர் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்றார், தம் ஊர் வங்கியிலேயே பல்லாண்டு பணி செய்தார், கார் ஓட்டினார், நாடு நாடாகச் சென்று வந்தார். 2023 ஜூன் மாதத்தில், 89ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். அவருடைய குடும்பம் வசதியுடையது என்பது உண்மை. ஆனால் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள், அந்தச் சிற்றூர் அவரைக் கேலி செய்யாமல் தன்னவராக ஏற்றுக்கொண்டதையே பெரிதாகக் குறிப்பிடுகின்றனர்.

ஊர் ஏற்றுக்கொள்வது பணத்தால் ஆவதன்று. அது நம்மிடமும் இருக்கக்கூடிய செல்வமே. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தொழுகையில் ஒரு பிள்ளை ஓசையிட்டால் வாப்பாவை முறைத்துப் பார்க்கிறோம். அடுத்த ஜும்ஆவுக்கு அவர் பிள்ளையை அழைத்து வருவதில்லை. நிக்காஹ் மண்டபத்தில் ஒலிபெருக்கி அலற, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அழுதால், "வளர்ப்பு சரியில்லை" என்கிறோம். அடுத்த விருந்துக்கு உம்மா வருவதில்லை. இப்படித்தான் ஒரு குடும்பம் மெல்ல மெல்ல உள்ளறைக்குள் ஒடுங்குகிறது.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய அபஸ, பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு அருளப்பெற்றது என்பதை நாம் ஓதிக் கொடுக்கிறோம். ஊர்ப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில் அறிவு தேடி வந்த அவர்பால் முகம் கொடுக்காததற்காக இறைவனின் கண்டிப்பு இறங்கியது. அதே தோழர் பின்னர் மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராக விளங்கினார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. பார்வையின்மை வேறு, ஆட்டிசம் வேறு. ஆயினும் பாடம் ஒன்றே: குறையுள்ளவர் என்று ஒருவருக்கு முகம் திருப்பும் உரிமை எவருக்கும் இல்லை.

மதரஸா ஆசிரியர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இத்தகைய பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே அமர்த்தாமல், சுவரோரமாக, நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்த்துங்கள். முதலில் பத்து நிமிடம் போதும், பிறகு கூட்டலாம். பிரம்பை ஓங்காதீர்கள், கீழ்ப்படியாமை அன்று, புரியாமையே அப்பிள்ளையின் இடர். மற்றப் பிள்ளைகளிடம், "இவன் நம் தம்பி, இவனுக்குச் சத்தம் ஆகாது" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொள்வர். பள்ளிவாசல் நிர்வாகிகள், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பிள்ளையை அழைத்து வந்து இடத்தைப் பழக்கிக்கொள்ள வாப்பாவை அனுமதிக்கலாம். சிகிச்சைக்குப் பேருந்துக் கட்டணமும் இல்லாத ஏழைக் குடும்பங்களை ஜகாத் பங்கிடுவோர் நினைவில் கொள்ளலாம்.

சட்டம் தரும் உரிமை

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் ஒன்றாக ஏற்றது. இதன்படி, பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சொல்ல இயலாது. 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலால் மதிப்பிட்டு மருத்துவர் குழு சான்றிதழ் அளிக்கும். அச்சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றால் அரசின் உதவிகளுக்கு வழி திறக்கும். நிராமயா என்னும் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கும் பயிற்சிச் செலவுக்கும் துணை நிற்கிறது. "சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கைக்குச் சம்பந்தம் வராது" என்று அஞ்சி ஒதுங்குவோர், பிள்ளையின் உரிமையைத் தாமே பறிக்கின்றனர்.

"எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்பதே பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. பதினெட்டு வயதான பின் பாதுகாவலரை நியமிக்கத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மார்க்கச் சட்டமோ இன்னும் தெளிவானது. பேசத் தெரியாதவன் என்பதால் வாரிசுரிமையில் அவன் பங்கு ஓர் அணுவளவும் குறையாது. அப்பங்கைத் தமதாக்கிக்கொள்ளும் அண்ணன் தம்பியர், அமானிதத்துக்குத் துரோகம் செய்தவராவர்.

சகோதர சகோதரிகளே! இப்பிள்ளைகளுள் சிலர் பேசுவர். சிலர் ஒருபோதும் பேசாமலே இருப்பர். சிலர் படித்துப் பணியாற்றுவர். சிலருக்கு வாழ்நாள் முழுதும் ஒரு கை துணை வேண்டும். எவர் எப்படி ஆவர் என்று மூன்று வயதில் எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. நம்மால் ஆவது, விரைந்து கண்டறிவதும், பொறுமையாகப் பழக்குவதும், கதவைத் திறந்து வைப்பதுமே. அடுத்த முறை உங்கள் தெருவில், அழைத்தால் திரும்பாத ஒரு பிள்ளையைக் கண்டால், அதன் உம்மாவிடம் காரணம் கேட்காதீர்கள். "பிள்ளையை அரை மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சற்றுச் சாய்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பல மாதங்களாக அவர் கேட்காத சொல்லாக அது இருக்கும்.

பேசாத அந்நாவுகளின் உள்ளத்தை அறிபவன் இறைவன். அவற்றைப் புரிந்துகொள்ளும் பொறுமையை நமக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.